சமையலறைக் கழிவும் அதை அகற்றும் சாதனமும்

தெஹியோவிட்ட நகரிலிருந்து சற்று விலகி, இறப்பர் மரங்கள் அடர்ந்த சரிவொன்றில் ஒரு குடும்பம் வாழ்கின்றதெனக் கொள்க. தாய் அதிகாலையில் பால் வெட்டப் போகிறவள். மகன் கொழும்பில் ஒரு மாடிவீட்டுத் தொகுதியிலே பராமரிப்பு வேலை பார்ப்பவன். அங்கே, பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் பொருத்தப்பட்ட யந்திரமொன்றை அவன் கண்டிருக்கிறான். காய்கறித் தோலையும் எஞ்சிய சோற்றையும் தொட்டியின் வாயில் தள்ளி, நீர்க்குழாயைத் திறந்து, விசையை அழுத்தினால் ஓர் உறுமல் கேட்கிறது. அரை நிமிடத்தில் குப்பை கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. விடுமுறையில் வீடு வந்தவன், அத்தகைய யந்திரம் ஒன்றைத் தாய்க்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறான். அவள் சற்று யோசித்துவிட்டு, "அது சரி தம்பி, அரைச்ச தண்ணி எங்க போகும்?" என்று கேட்கிறாள்.

யந்திரம் வாங்க எண்ணும் எவரும் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே. விலை, குதிரைவலு, உத்தரவாதம் என்பனவெல்லாம் இதற்குப் பின்னரே வரவேண்டும். ஆயினும் கடைகளில் இந்தக் கேள்வியை எழுப்புவோர் மிகச் சிலரே.

இந்த யந்திரத்தின் பிறப்பிடம் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள ரசீன் என்னும் நகரம். ஜோன் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். 1935இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1938இல் விற்பனைக்கென நிறுவனமும் தோன்றியது. உள்ளே கூரிய கத்திகள் சுழல்கின்றன எனப் பலர் எண்ணுகின்றனர், அங்ஙனம் ஏதுமில்லை. மின்னோடி சுழற்றும் ஒரு தட்டின்மேல் இரண்டு சிறிய உலோகக் கட்டைகள் அசையும்படி பொருத்தப்பட்டிருக்கின்றன. தட்டு விரைந்து சுழலும்போது கழிவுகள் வெளிப்புறமாக வீசப்பட்டு, சுற்றிலுமுள்ள பற்கள் கொண்ட வளையத்தில் மோதித் துருவப்படுகின்றன. திருவலையில் தேங்காய் துருவப்படுவதைப் போன்ற வேலைதான். கை செய்வதை மின்சாரம் செய்கிறது. துருவிய துகள்கள் நீரோடு சேர்ந்து குழம்பாகிக் கழிவுக் குழாயில் இறங்குகின்றன.

அமெரிக்க நகரங்களில் இது பரவியதற்குக் காரணம் யந்திரத்தின் சிறப்பு மட்டுமன்று. அந்நகரங்களின் நிலத்தடியில் முன்னமே கழிவுநீர்க் குழாய்கள் இருந்தன. அக்குழாய்களின் முடிவில் சுத்திகரிப்பு நிலையங்களும் இருந்தன. இந்தியானா மாநிலத்தின் ஜாஸ்பர் என்னும் சிற்றூர், 1950ஆம் ஆண்டில், வீடுதோறும் உணவுக் கழிவைச் சேகரிக்கும் வழக்கத்தையே கைவிட்டு, இந்த யந்திரத்தைப் பொருத்திக்கொள்ளுமாறு தன் மக்களைத் தூண்டியது. அதேவேளை நியூயோர்க் மாநகரமோ, தன் பழைய குழாய்கள் தாங்கா என அஞ்சி, நகரின் பெரும் பகுதியில் 1997 வரை இதனைத் தடைசெய்தே வைத்திருந்தது. அமெரிக்காவிலேயே ஓரூருக்கு உகந்தது மற்றோரூருக்கு உகந்ததாகக் கொள்ளப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இனித் தாயின் கேள்விக்கு வருவோம். கொழும்பு நகரின் பழைய பகுதிகளில் கழிவுநீர்க் குழாய்கள் நூறாண்டுகளுக்கு முன்னரே பதிக்கப்பட்டன. அவ்வாறான ஒழுங்கு இலங்கையில் மிகச் சில நகரங்களுக்கே வாய்த்தது. தெஹியோவிட்ட போன்ற ஊர்களில் மலசலகூடக் கழிவு நிலத்தடிக் குழிக்குப் போகிறது. சமையலறை நீரோ வீட்டின் பின்புறத்துக் கானுக்குப் போகிறது. கானில் இறங்கும் நீர் சரிவு வழியே ஓடையைச் சேர்கிறது. இப்பகுதியின் ஓடைகள் சீதாவக்கை கங்கையிலோ களனி கங்கையிலோ சென்று விழுகின்றன. சீதாவக்கையும் அவிசாவளைக்கருகே களனியிற் கலக்கிறது. களனியின் நீரையே அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்பு மக்களுக்குக் குடிநீராக வழங்குகிறார்கள். ஆகவே, தெஹியோவிட்டச் சரிவில் அரைத்த பலாச்சுளையும் பழஞ்சோறும் கானில் விடப்படுமாயின், அது போய்ச் சேரும் ஆறு, மகன் வேலை பார்க்கும் மாடிவீட்டுக் குழாய்க்கு நீர் தரும் ஆறேயாகும்.

கானில் விடாமல் நிலத்தடித் தொட்டிக்குத் திருப்பிவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அப்படிச் செய்யலாம்; ஆனால் அத்தொட்டி மலக்கழிவை மட்டும் மனத்திற் கொண்டு கட்டப்பட்டது. அரைத்த உணவு சேரும்போது அடியில் வண்டலும் மேலே கொழுப்பேடும் விரைவில் தடித்துவிடுகின்றன. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வார வேண்டிய தொட்டியை அடிக்கடி வாரவேண்டி வரும். பவுசர் ஏற முடியாத தோட்டப் பாதையில் அது எத்தகைய தொல்லை என்பதை அங்கு வாழ்வோர் அறிவர். அமெரிக்காவிலேயே, நிலத்தடித் தொட்டியை நம்பியிருக்கும் வீட்டார் இந்த யந்திரத்தை இயன்றவரை குறைவாக உபயோகிக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.

சரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் மண்சரிவுக்குப் பேர்போனவை. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலைச்சரிவு இடிந்து குடியிருப்புகளை மூடியதை யாரும் மறந்திரார். சரிவான நிலத்தில் வீட்டு நீரை ஒரே இடத்தில் ஊறவிடுவதும், கான்களைக் குப்பையால் அடைபட விடுவதும் அஞ்சத்தக்க செயல்கள். யந்திரமோ ஒவ்வொரு முறையும் நிமிடத்துக்கு ஐந்து முதல் எட்டு லீற்றர் வரை நீர் கேட்கிறது. நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் ஓடினால், இருபத்தைந்து முதல் நாற்பது லீற்றர். அதாவது ஒரு பெரிய குடம் இரண்டு அல்லது மூன்று. பீலியிலிருந்து நீர் சுமந்து வரும் வீட்டில், இந்த இரண்டு மூன்று குடங்களும் தாயின் இடுப்பில்தான் ஏறும்.

மின்சாரச் செலவைக் குறித்து மட்டும் யந்திரத்தைக் குறைகூறுவதற்கில்லை. அரைக் குதிரைவலு மின்னோடி ஏறத்தாழ 400 வாற்று எடுத்தாலும், நாளுக்குச் சில நிமிடங்களே ஓடுவதால் மாதம் ஓர் அலகு அளவிலேயே நின்றுவிடும். இதற்கு நேர்மாறானது அண்மைக் காலத்தில் விற்பனைக்கு வந்துள்ள மற்றொரு வகைச் சாதனம். அது கழிவை வாளிக்குள் இட்டுச் சூடேற்றிக் கிளறி, சில மணி நேரத்தில் உலர்ந்த தூளாக்கித் தருகிறது. விளம்பரங்கள் அதனைப் பசளை என்று கூறினும், உலர்ந்த சோறு உலர்ந்த சோறேயன்றிப் பசளையாகிவிடாது. நனைந்தால் மீண்டும் பூசணம் பூக்கும். ஒருமுறை ஓடி முடிய ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரம் செலவாகும். தினமும் ஓட்டினால் மாதம் முப்பது அலகு. இலங்கை மின்கட்டணப் பட்டியலின் முதற்படி முழுவதையும் குப்பை விழுங்கிவிடுகிறது என்று பொருள்.

எனினும், முறையான கழிவுநீர்க் குழாய் உள்ள நகரத்தில் வாழ்வோர் அரைக்கும் யந்திரத்தை வாங்குவதில் தவறில்லை. அவர்கள் கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே சுருக்கமாகக் கூறிவிடலாம். யந்திரம் 230 வோல்ற்று, 50 சைக்கிள் மின்சாரத்துக்கென அமைந்ததாக இருக்கவேண்டும். அமெரிக்காவிலுள்ள உறவினர் அன்போடு அனுப்பிவைக்கும் 120 வோல்ற்று யந்திரம் இங்கே பயன்படாது. உள்ளறை துருப்பிடிக்காத உருக்கினால் ஆனதாக இருத்தல் நன்று. தமிழர் சமையலுக்கு முக்காற் குதிரைவலு வேண்டும். முருங்கைக்காய்ச் சக்கையும் மீன் முள்ளும் சிறிய மின்னோடியைச் சோதித்துவிடும். நிலத்தொடுப்புக் கம்பி இன்றியமையாதது. ஈரக்கை படும் இடம் அது. மூடியை இட்டுத் திருகினால் மட்டுமே ஓடும் வகை, சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு உகந்தது. வெந்நீர் விடலாகாது, குளிர்நீரே விடவேண்டும்: வெந்நீரில் உருகும் எண்ணெய் குழாயினுள்ளே போய் உறைந்து ஒட்டிக்கொள்ளும். வாழைப்பூ மடல், வாழைநார், கரும்புச் சக்கை ஆகியவை தட்டில் நூலாகச் சுற்றிக்கொள்ளும். பலாப்பிசின் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. எண்ணெய் தடவாத கத்தியால் பலாக்காய் அரிந்தவர்கள் அதனை அறிவார்கள்.

தெஹியோவிட்டத் தாய்க்கு இவை எதுவும் உதவா. அவளுக்கு என்ன சாதனம் உகந்தது என்று ஆராயுமுன், கழிவை அப்படியே விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதையும் நினைக்கவேண்டும். வீட்டின் பின்னே வீசப்படும் சோறு முதலில் காகத்துக்கும் நாய்க்கும் ஆகிறது. இரவில் எஞ்சியது எலிக்கு. எலியின் சிறுநீரிலிருந்து ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் கலக்கும் கிருமி, காலில் உள்ள சிறு வெட்டுக் காயம் வழியாக உடலுட் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்குகிறது. ஈரநிலத்தில் வெறுங்காலுடன் நடப்போர் அதிகமான சபரகமுவப் பகுதிக்கு இந்நோய் புதிதன்று. 2008ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர் எனக் கணக்கிடப்பட்டது. வீசியெறிந்த யோகட் கோப்பையிலும் சிரட்டையிலும் மழைநீர் தேங்கினாலோ டெங்கு நுளம்பு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலையை அடைந்துவிடுகிறது. 2017ஆம் ஆண்டில் நாடெங்கும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். அதே ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்புக்கருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அந்த மேட்டின் பெரும்பகுதி, வீட்டுச் சமையலறையிலிருந்து போன ஈரக் கழிவேயாகும்.

தோட்டத்து வீட்டுக்கு மிகவும் பொருந்துவது கூட்டெருப் பீப்பாய். இது தோட்டங்களுக்கு அந்நியமான கருத்துமன்று. சேர் அல்பேர்ட் ஹோவார்ட் என்னும் ஆங்கில விவசாய விஞ்ஞானி, 1924 முதல் 1931 வரை இந்தியாவின் இந்தூரில் பணியாற்றியபோது, இந்திய, சீன உழவர்களின் பழக்கங்களை ஆராய்ந்து, கழிவுகளை அடுக்கடுக்காக இட்டுப் பசளையாக்கும் முறையொன்றை வகுத்தார். இந்தூர் முறை எனப் பெயர்பெற்ற அதனை 1930களில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் சிலவும் கைக்கொண்டன; 1937-38இல் ஹோவார்டே இலங்கைக்கு வந்து தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துச் சென்றார். அன்று துரைமார் தேயிலைக்குச் செய்ததை, இன்று ஒரு தாய் தன் மிளகாய்ப் பாத்திக்குச் செய்கிறாள், அளவுதான் வேறு.

இதன் தத்துவம் எளியது. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்றும் வேண்டும், ஈரமும் வேண்டும், சமநிலையான உணவும் வேண்டும். சமையற் கழிவில் நைதரசன் மிகுதி, கரி குறைவு. உலர்ந்த இலையில் கரி மிகுதி. ஒரு பங்கு நைதரசனுக்கு இருபத்தைந்து முதல் முப்பது பங்கு கரி இருந்தால் அவை செழித்து வேலை செய்யும். இதனை அளந்து பார்க்கத் தராசு வேண்டா: ஒரு கோப்பை ஈரக் கழிவுக்கு இரண்டு கோப்பை உலர்ந்த சருகு என்ற கணக்குப் போதும். இவ்விடத்தில் இறப்பர்த் தோட்டத்துக்கு இயற்கை ஒரு சலுகை செய்திருக்கிறது. தை, மாசி மாதங்களில் இறப்பர் மரங்கள் இலையை முழுவதும் உதிர்க்கின்றன. அவ்வேளையில் மழையும் குறைவு. அந்நாட்களில் உலர்ந்த சருகை வாரிச் சாக்குகளில் திணித்து, கூரையின் கீழ் வைத்துக்கொண்டால், வருடம் முழுவதற்கும் உதவும். மழை தொடங்கியபின் சருகு தேடினால் ஈரச் சருகே கிடைக்கும், அது உதவாது. பீப்பாய் வாங்கியும் பயன் காணாதவர்களிற் பெரும்பாலோர் தவறியது இந்த ஒரு விஷயத்தில்தான்.

பீப்பாயைத் தெரிவதற்குமுன் ஒரு வாரம் வீட்டுக் கழிவை நிறுத்துப் பார்ப்பது நன்று. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் நாளுக்கு ஒரு கிலோ சேருமெனக் கொண்டால், அது ஏறத்தாழ இரண்டு லீற்றர் இடத்தை அடைக்கும்; சருகு நான்கு லீற்றர். மொத்தம் ஆறு. ஆனால் அது அழுகிச் சுருங்கி மூன்றிலொரு பங்காகிவிடும். அதன்படி 200 லீற்றர் பீப்பாய் நிரம்பச் சுமார் மூன்று மாதம் செல்லும். நிரம்பியது பக்குவப்பட இன்னொரு மூன்று மாதம். எனவே பெரிய பீப்பாய் ஒன்றைவிட நடுத்தரமான இரண்டு சிறந்தவை. ஒன்று நிரம்பும் காலத்தில் மற்றது பக்குவப்படும். கடையில் ஒன்றை வாங்கி, மற்றதைப் பழைய பிளாஸ்ரிக் பீப்பாயில் தாமே செய்துகொள்வோரும் உண்டு. இரசாயனப் பொருள் நிரப்பியிருந்த பீப்பாயை மட்டும் எடுக்கலாகாது.

வாங்கும்போது பார்க்கவேண்டிய அம்சங்களில் முதலாவது மூடி. கேகாலைப் பகுதியின் மழை, உலர்வலயத்துக்கென எழுதிய கூட்டெரு நூல்களைப் பொய்யாக்கிவிடும். அந்நூல்கள் நீர் தெளிக்கச் சொல்லும். இங்கே நீரைத் தடுப்பதே வேலை. மூடி இறுகப் பொருந்தவேண்டும். அதன் மேற்பரப்பு குழியாக இருக்கலாகாது, மேடாகவோ சரிவாகவோ இருக்கவேண்டும். குழிந்த மூடியில் தேங்கும் ஒரு கோப்பை மழைநீர், நுளம்புக்குப் போதுமான குளம். கழியையும் மூங்கிலையும் நட்டு வட்டமாகக் கட்டும் ஜீவகொட்டு, செலவற்றதும் காற்றோட்டமுள்ளதுமான நல்ல முறைதான். ஆனால் இவ்வூரில் அதன்மேல் ஒரு தகரம் கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது அம்சம் எலித் தடுப்பு. பக்கங்களிலுள்ள காற்றுத் துளைகள் சிறியனவாக இருத்தல் வேண்டும். அடிப்பாகம் திறந்த வகையாயின், கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை அடியில் விரித்து, அதன்மேல் பீப்பாயை நிறுத்தவேண்டும். வலையில்லாத பீப்பாய் எலிக்குக் கட்டிக்கொடுத்த வீடாகும். குப்பையை வீசியெறிவதைவிட அது கேடு. அடியில் பசளை எடுக்கும் சிறு கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கவேண்டும். தாழ்ப்பாள் இல்லாமல் வெறுமனே செருகும் கதவை முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் ஒரே இரவில் கழற்றிவிடும்.

பீப்பாயை நிறுத்துமிடம் கிணற்றுக்கும் பீலிக்கும் மேற்புறமாக இருத்தலாகாது. கூரைநீர் விழும் இடமும் ஆகாது. வாரம் ஒருமுறை நீண்ட தடியால் கிளறிவிடுதல் வேண்டும். துர்நாற்றம் வீசினால் ஈரம் மிகுந்துவிட்டது என்று அறிந்து சருகைச் சேர்க்கவேண்டும். பல நாளாகியும் மாற்றமின்றி உலர்ந்து கிடந்தால் சிறிது கஞ்சித்தண்ணீர் ஊற்றலாம். வெண்ணிறத்தில் தடித்த புழுக்கள் தோன்றுவதைக் கண்டு அருவருத்துப் பீப்பாயைக் கவிழ்த்தவர்களும் உண்டு. அவற்றிற் பல கறுப்புப் படைவீரன் ஈ என்னும் பூச்சியின் புழுக்கள். அந்த ஈ உணவில் மொய்ப்பதில்லை. அதன் புழு கழிவை வெகு விரைவில் தின்று தீர்க்கிறது. கோழி வளர்ப்போர் அப்புழுவைக் கோழிக்கு இடலாம்.

மீன் தலை, இறைச்சிக் கழிவு, கருவாட்டு மிச்சம் ஆகியவற்றைப் பீப்பாயில் இடாதிருப்பதே நன்று. ஓர் அடிக்கு மேல் ஆழமாகப் புதைத்து மண்ணை இறுக்கிவிடலாம். பெரிய கூட்டெருக் குவியல் 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறி நோய்க்கிருமிகளைக் கொல்லும். 200 லீற்றர்ப் பீப்பாய் அவ்வளவு சூட்டை நெடுநேரம் தாங்கி நிற்பதில்லை. ஆகையால் குழந்தையின் மலம் பட்ட துணிகளோ நோயுற்ற செடிகளோ அதற்குள் போகலாகாது. பொலித்தீன், ரின், போத்தல் ஆகியவை வேறு பையில் பிரதேச சபையின் வண்டிக்குச் செல்லவேண்டியவை. அடுப்பில் பொலித்தீனைக் கொளுத்தும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவள் அடுப்பு ஊதுகிறவளே.

உயிர்வாயுக் கலம் பற்றியும் பலர் கேட்பதுண்டு. 2021, 2022ஆம் ஆண்டுகளில் சமையல் எரிவாயுவுக்காக மக்கள் இரவும் பகலும் வரிசையில் நின்றபின் இந்த ஆவல் பெருகியது இயல்பே. இந்தியாவின் பூனா நகரில் ஆனந்த் கார்வே என்ற விஞ்ஞானி, சாணத்துக்குப் பதிலாக மாப்பொருள் நிறைந்த சமையற் கழிவில் இயங்கும் சிறு கலத்தை அமைத்தார். அவர் சார்ந்த நிறுவனத்துக்கு அதற்காக 2006இல் ஆஷ்டன் விருது கிடைத்தது. தெஹியோவிட்ட தாழ்ந்த, வெப்பமான இடமாதலால், நுவரெலியாவைப் போலக் குளிரினால் வாயு உற்பத்தி குன்றும் என்ற அச்சம் இங்கில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் ஒரு கிலோ கழிவு, தேநீர் காய்ச்சும் நேரத்துக்குச் சற்று மேலாக அடுப்பை எரியவிடுமேயன்றி மூவேளைச் சமையலுக்கும் போதாது. மாடு ஒன்று இருக்கும் வீட்டுக்கு, அல்லது சாப்பாட்டுக் கடை நடத்துவோருக்கு இது நல்ல முதலீடு. மற்றவர்கள் அவசரப்பட வேண்டா.

இனி, இடம் என்னும் பிரச்சினை. ஏழு பேர்ச் காணியுடன் தனிவீடு பெற்றவர்களுக்கு இரண்டு பீப்பாய்க்கும் இரண்டு பாத்திக்கும் இடமுண்டு. பழைய லயத்துக் காம்பராவில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையும் ஓர் இஸ்தோப்புமாக வாழ்வோருக்கு அந்த வசதியில்லை. லயம் முழுவதற்கும் பொதுவாக ஒரு பெரிய தொட்டி கட்டினாலென்ன என்ற யோசனை நல்ல யோசனையாகத் தோன்றும். பொதுத் தொட்டி பொதுக் குப்பைமேடாக மாற ஒரு மாதம் போதும். கிளறுவது யார், சருகு கொண்டுவருவது யார், பசளை யாருக்கு என்பது முதல் நாளே பெயர் சொல்லி முடிவு செய்யப்படாவிட்டால் அதுவே நேரும். அவ்வாறு முடிவு செய்ய இயலாத இடத்தில், மூன்று நான்கு குடும்பங்கள் மட்டும் தமக்குள் இணங்கி ஒரு பீப்பாய் வைத்துக்கொள்வது மேல். அதுவும் இயலாதவர்கள், இறுக மூடும் வாளியொன்றில் ஒருபிடி கழிவுக்கு ஒருபிடி மரத்தூளாக இட்டுவந்து, நிரம்பியதும் வாழையடியில் குழி தோண்டி மூடிவிடலாம். வாழை எதையும் ஏற்கும்.

மகன் யந்திரத்துக்கென வைத்திருந்த பணத்தில் இரண்டு பீப்பாயும் கம்பிவலையும் வாங்கி, மிச்சத்தில் தாய்க்கு ஒரு சோடி நீண்ட சப்பாத்தும் வாங்கலாம்; எலிக்காய்ச்சலுக்கு அஞ்சுகிறவருக்கு அச்சப்பாத்து குப்பைச் சாதனத்துக்கு ஈடான காவல். முதற் பீப்பாயைத் திறக்கும் நாளில் கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த காட்டின் மணமுடைய மண் கிடைக்கும். அதனிடையே முட்டையோடும் மாங்கொட்டையும் அப்படியே இருக்கக் கண்டால், அரித்தெடுத்து இரண்டாம் பீப்பாயில் இட்டுவிட வேண்டியதுதான்.